ஃபேப்ஐ நொதியில் ட்ரைக்ளோசன் சரியாகப் பொருந்தவில்லை, என்ன காரணம்?

குளுகோர் மாணவி:
வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். சில மூலிகைச் சேர்மங்கள் ஈ. கோலை பாக்டீரியாவில் கொழுப்பு அமிலம் தயாரிக்க உதவும் ஃபேப்ஐ நொதியைத் தடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒப்பீட்டுக்காக முதலில், இந்த நொதியைத் தடுக்கும் கிருமிநாசினியான ட்ரைக்ளோசனை டாக்கிங் (சேர்மம் புரதத்தில் எங்கே ஒட்டும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்தேன். படிகக் கட்டமைப்பில் இருந்த நீர், லிகண்ட் (ஒட்டியிருந்த சிறு மூலக்கூறு) எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் போய் ஒட்டுகிறது. நொதிச் சோதனையிலும் ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் அளவு) நிலையாக இல்லை. எதை மாற்றலாம்?

பங்சார் படிகம்:
தங்கச்சி, லிகண்டோடு, நொதியின் துணை மூலக்கூறான என்ஏடி+ஐயும் நீக்கியிருப்பீர்கள். அதுதான் காரணம். ட்ரைக்ளோசனுக்குப் பிணைப்பிடத்தின் ஒரு சுவரே அந்த என்ஏடி+ தான். ட்ரைக்ளோசனின் ஃபீனால் வளையம் என்ஏடி+இன் நிகோடினமைடு வளையத்தின் மேல் அடுக்காகப் படியும். அந்த ஃபீனாலின் ஹைட்ராக்சில், நொதியின் டைரோசின் 156உடனும் என்ஏடி+இல் உள்ள ரைபோஸ் சர்க்கரையின் 2' ஹைட்ராக்சிலுடனும் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். என்ஏடி+ஐப் புரதத்தின் பகுதியாகவே வைத்து ஓட்டுங்கள். ட்ரைக்ளோசனோடு படிகமான கட்டமைப்பையே எடுங்கள்: தடுப்பான் இல்லாத வடிவங்களில் பிணைப்பிடத்தை மூடும் வளைவுப் பகுதி பெரும்பாலும் ஒழுங்கற்றுக் கிடக்கும், அணுக்களே பதிவாகியிருக்காது. டாக்கிங்கில், படிகத்தில் இருந்த நிலைக்கே ட்ரைக்ளோசன் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்பி வந்தால்தான் மூலிகைச் சேர்மங்களின் மதிப்பெண்ணை நம்பலாம்.

ஈப்போ ரோடு நொதி:
ஐசி50 அலைவதற்கும் அதே என்ஏடி+ தான் காரணம். ட்ரைக்ளோசன் மெதுவாகப் பிணையும், அதுவும் என்ஏடி+ ஏறிய நொதியோடு. வெறும் என்ஏடிஎச் (என்ஏடி+இன் ஹைட்ரஜன் ஏறிய வடிவம்) போட்டுத் தொடங்கினால், வினை நடக்க நடக்க என்ஏடி+ உருவாகி, போகப்போகத் தடுப்பு கூடும்; கோடு வளையும். நீங்கள் எந்த நிமிடத்தை எடுக்கிறீர்களோ அதற்கேற்ப ஐசி50 மாறும். நொதி, என்ஏடி+, தடுப்பான் மூன்றையும் முன்பே கலந்து வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே நேரம் கழித்து அடிபொருளை (நொதி மாற்றும் பொருளை) சேருங்கள். 50 நானோமோலார் நொதி போட்டால் 25க்குக் கீழே ஐசி50 வரவே வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூலிகைப் பொருளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. என்ஏடிஎச் குறைவதை அளப்பது 340 நானோமீட்டர் ஒளியில். பாலிஃபீனால்கள் பலவும் அங்கேயே ஒளியை உறிஞ்சும். நொதியில்லாத குழியில் சேர்மத்தை மட்டும் வைத்து அளந்து கழியுங்கள். சோப்பு போன்ற ட்ரைட்டானை 0.01% சேர்த்ததும் தடுப்பு மறைந்துவிட்டால், அது நொதியைப் பிடித்த சேர்மம் அல்ல, திரண்டு மொய்த்த திரள்.

குளுகோர் மாணவி:
மிக்க நன்றி அண்ணா. இதே முறையில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் சோதிக்கலாமா?

பங்சார் படிகம்:
சோதிக்கலாம், ஆனால் என்ஏடிஎச்சுக்குப் பதில் அதன் பாஸ்பேட் ஏறிய வடிவமான என்ஏடிபிஎச் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ஃபேப்ஐ என்ஏடிஎச்சை அவ்வளவாக ஏற்காது. ஸ்டஃபிலோகாக்கஸுக்கு எதிரான அஃபாபிசின் என்ற மருந்து இந்த நொதியைக் குறிவைத்து மனிதச் சோதனை வரை போயிருக்கிறது, நல்ல தேர்வு. சூடோமோனாஸ் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள்: அதனிடம் ஃபேப்ஐ-யோடு அதே வேலையைச் செய்யும் ஃபேப்வி-யும் இருக்கிறது. ஒன்றை அடைத்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். நிமோகாக்கஸிலோ ஃபேப்ஐ-யே கிடையாது, அந்த வேலைக்கு ஃபேப்கே தான்.