ஏபிஎஸ் எம்சிசி படிக்க எந்தப் பள்ளி?

வணக்கம். ஐரோப்பிய வணிக விமானி உரிமமும் மல்டி என்ஜின் ஐஆரும் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) கையில் இருக்கின்றன. அடுத்து எம்சிசி, அதாவது இரண்டு விமானிகள் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகும் வகுப்பு. சாதாரண வகுப்பில் சிமுலேட்டர் 20 மணி நேரம், விமான நிறுவனத் தரத்துக்குத் தயார் செய்யும் ஏபிஎஸ் வகை என்றால் 40. செலவு கூடினாலும் வேலைத் தேர்வை நினைத்தால் ஏபிஎஸ் பக்கமே மனம் போகிறது.

அயர்லாந்திலோ ஸ்பெயினிலோ படித்தவர்கள் சொல்லுங்கள்: ஜோடி எப்படி அமைந்தது? ஒருவர் பறக்க, மற்றவர் செக்லிஸ்ட் படித்து ரேடியோவைக் கவனிக்கும் பயிற்சி இது. கூட்டாளி வராமல் பயிற்றுநரே பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிப் பாடம் போச்சு. ஒரு பள்ளியிடம் இதைக் கேட்டேன், விலைப்பட்டியல்தான் வந்தது!

அப்புறம், சிமுலேட்டர் போயிங் 737ஆ, ஏர்பஸ் ஏ320ஆ? ஏ320இல் உள்ள சைட்ஸ்டிக் (பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடி) எனக்குப் பழக்கமில்லை. பயிற்றுநர்கள் இப்போதும் விமான நிறுவனத்தில் பறப்பவர்களா என்பதையும் சொன்னால் நல்லது.