புஷ்கரத்தில் அப்பாவுக்காக இரண்டு நாள்

அலுவலக வேலையாக ஜெய்ப்பூரில் மூன்று வாரம் தங்க வேண்டியிருந்தபோது, ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிக்கொண்டு தனியாக, ராஜஸ்தானில் ஏரிக்கரைத் தலமான புஷ்கரம் சென்று வந்தேன். தனியாகப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதாலும், அங்கே எனக்கு நேர்ந்த இரண்டு சந்திப்புகள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை என்பதாலும் இதை எழுதுகிறேன்.

எம்பெருமான் தானாகவே தோன்றிய தலங்கள் என்று வைணவர்கள் எட்டைச் சொல்வார்கள்: திருவரங்கம், திருவேங்கடம், ஸ்ரீமுஷ்ணம், வானமாமலை, நைமிசாரணியம், பத்ரி, சாளக்கிராமம், புஷ்கரம். இவற்றில் ஆறைத் தம் காலத்திலேயே சேவித்துவிட்ட அப்பா, 2009-ஆம் ஆண்டு புஷ்கரத்துக்குப் புறப்படத் தயாராக இருந்தார். அந்த ஆண்டு மழை பொய்த்து ஏரி வறண்டுவிட்டது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு வந்த யாத்திரிகர்கள் தொட்டிகளில் நிரப்பிய நீரில்தான் நீராட வேண்டியிருந்தது. புஷ்கரத்தில் பெருமாள் தீர்த்த வடிவாகவே இருக்கிறார் என்பது மரபு. தீர்த்தமே இல்லாதபோது யாரைப் போய்ச் சேவிப்பது என்று வருந்தி, அப்பா பயணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு அவருக்குப் போக வாய்க்கவில்லை. நான் ஜெய்ப்பூர் புறப்பட்டபோது அம்மா ஒரு சிறு பொட்டலத்தில் கறுப்பு எள்ளை மடித்து, மேலே அப்பாவின் பெயரையும் கோத்திரத்தையும் எழுதிக் கொடுத்தார்.

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அஜ்மீரில் காஜா மொய்னுதீன் சிஷ்தி தர்காவுக்குச் செல்லும் கூட்டத்தோடு இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நாக மலையைச் சுற்றிக் கடந்தால் அரை மணி நேரத்தில் புஷ்கரம் வந்துவிடும். மலையின் அந்தப் பக்கம் இறங்கியதும் மணலும் முள்மரங்களும் ரோஜாத் தோட்டங்களும் மாறி மாறித் தென்படுகின்றன. ஊருக்குள் மது, இறைச்சி, முட்டை எதற்கும் அனுமதியில்லை. ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள் இருக்கின்றன. படியை நெருங்குவதற்கு முன்பே காலணியைக் கழற்றிவிட வேண்டும், நீராடுபவர்களைப் படம் எடுக்கக் கூடாது.

சனிக்கிழமை முற்பகலில் ஏரியை நோக்கி நடந்தபோது, தெருமுனையில் ஓர் இளைஞர் இரண்டு பூக்களைக் கையில் திணித்து, "பிரசாதம்தான், காசு வேண்டாம், ஏரியில் போட்டுவிட்டு வாருங்கள்" என்றார். படித்துறையில் இன்னொருவர் காத்திருந்தார். என்னை உட்காரவைத்துத் தட்டில் தேங்காய், அரிசி, குங்குமம், சர்க்கரை எல்லாம் எடுத்துவைத்தார். அப்பா காலமாகிவிட்டார் என்று நான் சொன்னதும் அவர் குரல் தணிந்தது. என் கோத்திரத்தைக் கேட்டு, மந்திரத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். சமஸ்கிருதமும் இந்தியும் கலந்து வந்துகொண்டிருந்த அந்த வரிகளைக் கண்ணை மூடி அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். நடுவில், அப்பாவின் பெயருக்குப் பின்னால், "அவருடைய ஆன்ம சாந்திக்காக ஐயாயிரத்து நூற்றொரு ரூபாய் தானம் செய்கிறேன்" என்ற வரியும் வந்தது. அதையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

புரோகிதர் தட்சிணை கேட்பதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. பரம்பரையாக அந்தப் படித்துறையை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே பல உண்டு. தலைமுறை தலைமுறையாக வந்தவர்களின் பெயர்களை நீண்ட ஏடுகளில் எழுதிக் காத்துவரும் புரோகிதர்களும் உண்டு. தொகையைச் சங்கல்பத்துக்குள், அதாவது சடங்கில் சொல்லும் உறுதிமொழிக்குள், நுழைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடையில் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். நீரைத் தொட்டு, தந்தையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு உரைத்த ஒன்றை மறுப்பது, இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதுபோல் நெஞ்சை அறுக்கிறது. அந்த வலியை முன்கூட்டியே அறிந்துதான் அந்த வரி அந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கையில் இருந்த 501 ரூபாயைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். அவர் என் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைக் கட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எள் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் கொடுக்கும் பூவை வாங்காதீர்கள். சடங்கு செய்துகொள்ள விரும்பினால், உட்காருவதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடுங்கள். சங்கல்பத்தில் எந்த எண் வந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி, நீங்கள் சொன்ன தொகையை மட்டும் சொல்லுங்கள். கட்டிய கயிற்றைக் கழற்றாமல் இருந்தால், மற்றப் படித்துறைகளில் யாரும் உங்களை மறுபடி அழைக்க மாட்டார்கள்.

அன்று பிற்பகல் பிரம்மா கோயிலுக்குப் போனேன். சிவந்த கோபுரமும், வாயிலில் அன்னமும், தரையில் பதித்த வெள்ளி ஆமையும், பக்தர்கள் பதித்த வெள்ளிக் காசுகளும் அழகுதான். ஆனால் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டது. வராகர் கோயிலில் சற்று நின்றேன். 18-ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் மீண்டும் எழுப்பிய கோயில் அது. அப்பா ஆண்டுதோறும் போய்வந்த ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் நினைவில் வந்தார். மாலையில் மலைமேல் உள்ள சாவித்திரி கோயிலுக்கு கம்பியில் தொங்கிச் செல்லும் ரோப்கார் இருந்தும் படியேறினேன். மேலிருந்து பார்த்தால், நாலாபுறமும் வெளிறிய மணல் நடுவே ஏரி மட்டும் ஒரு கைப்பிடி அளவு மின்னியது.

கடைத்தெருவில் ஒரு கோபுரத்தைப் பார்த்துத்தான் அன்று முதன்முறையாக மனம் லேசானது. 1823-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த சேட் பூரன்மல் கட்டிய பழைய ரங்கஜி கோயில் அது. நம் ஊர்க் கோபுரத்தின் சாயல் ராஜஸ்தான் மாடங்களோடு கலந்து நிற்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் கட்டிய புதிய ரங்கஜி கோயில் ஒன்றும் ஊரில் உண்டு. அங்கும் ராமானுஜர் வழியிலேயே வழிபாடு நடக்கிறது. மார்கழியில் விடியற்காலைப் பூஜை உண்டு என்று அங்கே ஒருவர் சொன்னார்.

மறுநாள் மார்கழி நான்காம் நாள். பல் கிட்டும் குளிரில், இருட்டு விலகும் முன்பே போய்விட்டேன். சந்நிதிக்கு எதிரே கம்பளிப் போர்வை போர்த்திய ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மார்வாடிகள். தேவநாகரியில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்துத் திருப்பாவை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தமிழ் ஒரு நொடி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கண் நிறைந்துவிட்டது. அன்றைய பாசுரம் ஆழி மழைக் கண்ணா. ஆண்டாள் மழையைக் கேட்கும் பாசுரம், பாலைநிலத்து ஊரில், வறண்டுபோனதுண்டு என்று பேரெடுத்த ஏரியின் கரையில்.

சேவித்து முடிந்ததும் முதிய அர்ச்சகர் என் நெற்றியைப் பார்த்து, "ஸ்வாமி எந்த ஊர்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. புத்தகத்தைப் பிரித்து, நான்காம் பாசுரத்தில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்தார். அந்தப் பாசுரத்தில் பதினோரு இடங்களில் ழகரம் வருகிறது. புத்தகத்தில் அத்தனை இடத்திலும் ளகரத்துக்குரிய எழுத்தைத்தான் அச்சிட்டிருந்தார்கள். "எங்கள் நாக்குக்கு இது வருவதே இல்லை, அம்மாவிடம் ஒவ்வொரு மார்கழியும் தப்பாகவே கேட்கிறோம். நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்றார். ஆண்டாளைத்தான் அம்மா என்றார்.

நான் மெதுவாகச் சொன்னேன். அவர் நாக்கை மடித்துப் பார்த்தார். மழை என்பது முதலில் மளையாகவும், பிறகு மரையாகவும் வந்தது. ஏழெட்டு முறைக்குப் பிறகு, ஊழி என்ற சொல்லில், ஒரே ஒருமுறை சரியாக வந்தது. அவர் சிறுபிள்ளைபோல் கையைக் கூப்பினார். புத்தகத்தில் அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். துளசியும் பொங்கலும் கொடுத்தார். தட்சிணையாக எடுத்த நோட்டை வாங்கிக்கொள்ளாமல், உண்டியலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அங்கிருந்து நேராக ஏரிக்குப் போனேன். சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே வந்திருந்தது. கயிறு கட்டியிருந்ததால் யாரும் அருகில் வரவில்லை. ஆளில்லாத ஒரு படித்துறையில் முழங்கால் அளவு நீரில் நின்று, பொட்டலத்தைப் பிரித்து, அப்பாவின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி மூன்று முறை எள்ளும் நீரும் இறைத்தேன். எள் சற்று நேரம் மிதந்து, கெண்டை மீன்கள் வந்து வாய் வைத்ததும் கலைந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"நிறைய இருக்கிறதம்மா" என்றேன்.