ஆந்த்ரமே என்றால் காய்கறியா, கேக்கா?

காரைக்கால் பையன்:
கேட்டரிங் படிக்கிறேன். கிச்சன் பாடத்தில் ‘ஆந்த்ரமெத்தியே’ என்றால் காய்கறி, சூப், முட்டை பார்க்கிற குக். பேக்கரி பாடத்தில் ‘ஆந்த்ரமே’ என்றால் ஸ்பாஞ்சும் நுரை மாதிரியான மூஸும் அடுக்கி மேலே பளபளவென்று கிளேஸ் ஊற்றிய கேக். உருளைக்கிழங்கு உரிக்கிறவருக்கு எப்படிக் கேக் பெயர் வந்தது? பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் ‘கடைசியில் வரும் இனிப்புப்பா’ என்று முடித்துவிடுகிறார்கள்.

அரசலாறு:
தம்பி, இரண்டும் சரிதான், கேக் பிந்தி வந்தது. ஒரு சுற்று பரிமாறி அடுத்தது வருவதற்குள் நடுவில் வைப்பதுதான் ஆந்த்ரமே. முதலில் பாலில் வேகவைத்த கோதுமைக்குக் குங்குமப்பூ நிறம் ஏற்றிய கஞ்சி மாதிரி எளிய பண்டங்கள்தான். போகப்போக வேடிக்கையாகிவிட்டது. 1454இல் லீல் நகரத்தில் பர்கண்டி பிரபு பிலிப் கொடுத்த விருந்தில் பிரம்மாண்டமான ‘பை’ (pie, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்) ஒன்றுக்குள் ஆட்களை உட்காரவைத்து வாத்தியம் வாசிக்க விட்டார்கள், அதற்கும் பெயர் ஆந்த்ரமே!

குடந்தை அடுப்படி:
அது ராஜா வீட்டுக் கூத்து. தம்பி கேட்டதற்கு விடை 18, 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. அப்போது நம் கல்யாண இலை மாதிரி ஒரு சுற்றுக்கு உரியதெல்லாம் ஒரே சமயத்தில் மேஜைக்கு வரும். சுட்ட இறைச்சியோடு சேர்ந்து வரும் காய்கறி, முட்டை, ஜெல்லி, கிரீம் எல்லாமே ஆந்த்ரமே, உப்பா இனிப்பா என்று பார்ப்பதில்லை. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை வந்தது, ஒன்று முடிந்துதான் அடுத்தது. காய்கறி இறைச்சித் தட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு கார்னிச்சர் ஆகிவிட, சீஸுக்குப் பிறகு வரும் இனிப்புதான் அந்தப் பெயரோடு நின்றது. கிச்சனில் மட்டும் வேலைக்காரர் பெயரை யாரும் மாற்றவில்லை.

மாயவரத்து அக்கா:
இலைக் கணக்கு சரி, ஆனால் எங்கள் பக்கம் பாயசம் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்தான் வரும். கடைசியில் இனிப்பு என்பதெல்லாம் ஐஸ்கிரீம் ஸ்டால் வந்த பிறகு.

காரைக்கால் பையன்:
அக்கா, அண்ணா, நன்றி. பரீட்சையில் எதை எழுதுவது?

குடந்தை அடுப்படி:
கிச்சன் பிரிவு என்று கேட்டால் காய்கறி, பேஸ்ட்ரி என்றால் கேக். ‘ஆந்த்ரே’யையும் பார்த்துவை. பிரான்ஸில் முதலில் வருவது, அமெரிக்க மெனுவில் மெயின் டிஷ். அதிலும் மார்க் போகும்.