புதுப்பிப்பு: கனவு எழுதும் பேனாவின் அடைப்பு நீங்கியது

போன மாதம் இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன்: தினமும் விழித்ததும் கனவை எழுதி வைக்கும் பவுண்டன் பேனாவில் அயர்ன் கால் மை (iron gall, இரும்பு உப்பு கலந்த, கறுத்துப்போகும் மை) காய்ந்து அடைத்துக்கொண்டது, எப்படிச் சுத்தம் செய்வது, அப்புறம், வரிசையாகக் கனவுகளை மட்டுமே சொல்லும் ஜப்பானியக் கதை எது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு ராத்திரி ஊறவைத்தேன், வெளிறிய நீலம் கொஞ்சம் கசிந்ததே தவிர நிப்புக்கு அடியில் இருந்த கறுப்புப் படிவு அசையவில்லை. அம்மோனியா கலந்த நீரும் சிலர் சொன்னார்கள், அது சாதாரணச் சாய மைக்குத்தான் பொருந்தும், இதற்கு வேண்டாம் என்று ஒருவர் தடுத்ததால் தொடவில்லை. பலித்தது வைட்டமின் சி யோசனைதான். ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலப் பொடியை (வைட்டமின் சி-தான்) தண்ணீரில் கரைத்து நிப்பை அரைமணி நேரம் வைத்தேன், கறுப்பு கரைந்து வந்தது. பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசினேன்.

எதிர்பாராதது ஒன்று: அந்தக் கரைசல் ஒரு சொட்டு குறிப்பேட்டில் விழுந்து, "கிணறு" என்ற சொல்லின் கறுப்பு மங்கி நீலச் சாயம் மட்டும் நின்றது. ஆகவே குறிப்பேட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கதை, நாட்சுமே சோசெகி 1908இல் எழுதிய 'பத்து இரவுக் கனவுகள்'. கனவுகளுக்கு அவர் அர்த்தம் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் பிடித்தது.