சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது, மனசு மட்டும் எழவில்லை. நீங்கள் எப்படி எழுந்தீர்கள்?

கோத்தகிரிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு சின்ன ஊர், வயது 38, வீட்டை ஒட்டி அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து கோவையில் வைத்தியம் பார்த்தோம், ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். முடிகூடக் காது வரைக்கும் வளர்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் "தப்பிச்சு வந்துட்ட" என்கிறார்கள்.

ஆனால் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆபரேஷன் செய்த பக்கம் லேசாக இழுத்தால் போதும், திரும்ப வந்துவிட்டதோ என்று அன்று முழுக்கச் சோறு இறங்காது. முன்பெல்லாம் விளக்கேற்றும்போது தானாக வாயில் முருகா என்று வரும், இப்போது கை கூப்பி நிற்கிறேன், உள்ளே ஒன்றுமே அசையவில்லை. போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதான் இந்த நோய் வந்தது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

இன்னொன்று. நான் பிழைத்தால் பழனி மலைக்குப் படியேறி வருவேன் என்று அம்மா என் பேரில் வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கள் வீட்டு மேடு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நம்பிக்கை இல்லாதவள் எப்படி எழுந்திருப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கண்டக்டர், குன்னூர்:
அம்மா, முதலில் அந்தச் சொந்தக்காரர் சொன்னதைத் தூக்கித் தூரப் போடு. நம்பிக்கை குறைந்தால் நோய் வரும் என்றால், மூன்று வேளையும் சாமி கும்பிட்ட என் மனைவிக்கு ஏன் வந்தது? அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை எஸ்டேட்டில் வேலையை மேற்பார்க்கிற கண்டக்டராக இருந்தவன் நான், எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டுவோம், உனக்கும் தெரியும். வெட்டி முடித்த காட்டைப் பார்த்தால் வெறும் குச்சிதான் நிற்கும், பட்டுப்போனது மாதிரியே இருக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பென்சில் பருமனுக்கு ஒரு வேரைத் தோண்டி எடுத்துக் குறுக்கே வெட்டி, அதன் மேல் அயோடின் விட்டுப் பார்ப்போம். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் சரியாக மாறவில்லை என்றால் அந்தச் செடியை அப்போது தொடக்கூடாது, கொழுந்து பறிப்பதையும் நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். உன் வேரில் இருந்ததை எல்லாம் இந்த ஒரு வருடத்தில் மருந்துக்கே செலவழித்துவிட்டாய். ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறாயே, ஆகட்டும் அம்மா.

அப்புறம் இன்னொரு முறை இருக்கிறது, 'லங்', அதாவது நுரையீரல், விட்டு வெட்டுவது என்போம். எல்லாக் கிளையையும் எடுத்துவிடாமல், ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்போம். புதுத் துளிர் வரும்வரை செடி அந்த இலையை வைத்துத்தான் மூச்சுவிடும். துளிர் வாரக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது, அதுவரைக்கும் தாங்குவது அந்த ஓரக் கிளைதான்.

என் மனைவி போனபின் எனக்கும் கும்பிட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காலை ஆறு மணிக்குப் பால் வாங்கிக் கொடுப்பேன், அது ஒன்றை மட்டும் விடவில்லை. மழையோ பனியோ, அந்தக் கிழவி கதவைத் திறந்து சொம்பை நீட்டுவாள். அதற்காகவே எழுந்தேன். உன்னிடம் இன்னும் இலையோடு இருக்கிற கிளை எது? யோசித்து எழுது.

கொடைக்கானல் நர்ஸ்:
அக்கா, கண்டக்டர் ஐயா சொன்னது அத்தனையும் சரி, நான் உடம்பு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வைத்தியம் முடிந்தபின் மாதக்கணக்கில் அசதி இருப்பது சோம்பேறித்தனம் கிடையாது, நிறையப் பேருக்கு இருக்கிறது. செக்கப் தேதி நெருங்கும்போது பயம் கூடுவதும் அப்படித்தான். ஆனால் சோறு இறங்காமல், தூக்கமில்லாமல் இப்படியே போகிறது என்றால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், வலியைச் சொல்வது மாதிரியே. அதுவரைக்கும் 14416 என்ற எண் இருக்கிறது, டெலி மானஸ், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தக் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இறங்கினால் கையுறை போடுங்கள், கீறல் பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள், கை வீங்கினாலோ கனத்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கைக்கான பயிற்சியும் கேட்டு வாங்குங்கள். கை மெல்ல மெல்ல மேலே போவதைக் கண்ணால் பார்க்கும்போது வருகிற தைரியம், யார் சொல்லியும் வராது அக்கா. கை எட்டுகிற உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

மலையடிவாரம்:
பழனிக்குப் பாதயாத்திரையாகப் பல வருடம் வந்திருக்கிறேன். அந்த 693 படியை நினைத்துப் பயப்படாதீர்கள் சகோதரி. 1966லிருந்தே மலைமேல் கம்பியால் இழுத்துப் போகிற ரயில் பெட்டி, வின்ச், ஓடுகிறது, 2004இல் ரோப் காரும் வந்துவிட்டது. முடியாதவர்கள் வரத்தானே அதெல்லாம். தைப்பூசத்துக்கு நடந்து போகும்போது வழியெல்லாம் யாரோ ஒருவர் மோர் கொடுப்பார், யாரோ ஒருவர் காலில் வெந்நீர் ஊற்றுவார், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஒரு வருடம் கொப்புளம் வெடித்து உட்கார்ந்துவிட்டேன், ஒரு பெரியவர் தன் வேட்டி ஓரத்தைக் கிழித்துக் காலில் கட்டிவிட்டார். சன்னிதியில் நின்றபோது எனக்கு வேண்டுதல் எதுவும் ஞாபகம் வரவில்லை, அவர் முகம்தான் வந்தது. உங்களுக்கு முருகா என்று வாயில் வராவிட்டால் பரவாயில்லை, உங்கள் அம்மா உங்களுக்காகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்.

ஊட்டி சகோதரி:
நான் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் வேதத்தில் யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான். உங்கள் ஊர் பக்கம் வாரம் ஒருமுறை வருகிறேன், விருப்பமிருந்தால் சொல்லுங்கள், சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

கோத்தகிரிக்காரி:
நாலு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்டக்டர் ஐயா, என் கிளை எது என்று கேட்டீர்களே. பக்கத்து வீட்டுப் பாப்பா மூன்றாவது படிக்கிறாள், சாயங்காலம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன், கீமோ சமயத்தில் நின்றுபோயிருந்தது. நேற்றுக் கூப்பிட்டேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், வகுத்தல் ஐந்து போட்டோம், நாலு சரி.

நர்ஸ் தங்கச்சி, சமையலறைச் சுவரில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஊட்டி சகோதரி, கட்டாயம் வாருங்கள், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

வின்ச் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, கோபமோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "எனக்கு மட்டும் என்ன, நானும் உன்கூட அதிலேயே வர்றேன்" என்றார்.