பத்து மணிக்கு வீட்டில் நிற்கும் தம்பி

பழைய பந்தல்காரன்: "மகள் பிறந்து நாற்பதாம் நாள் ஈவன்ட்ஸ் தொழில் தொடங்கினேன். திட்டம் இருந்தால் போதும், எந்த விசேஷம் என்றாலும் இரவு பத்துக்கு வீட்டில் நிற்பேன்" என்று கிளிநொச்சித் தம்பி ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். 2010இல் மீளக் குடியேறிய நாளில் இருந்து நான் பந்தல் போடுகிறேன். பத்துக்கு வீட்டில் நின்றது ஆடியிலும் மார்கழியிலும்தான்.

புது அப்பா: அண்ணை, நான்தான் அந்தத் தம்பி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சவுண்ட் நின்றால் சனம் போய்விடும்.

பழைய பந்தல்காரன்: சனம் போகும். மணவறை தானாகக் கழன்று லொறியில் ஏறுமா? சோடனைச் சேலை மடிக்க வேண்டும், வயர் சுற்ற வேண்டும், கதிரை எண்ண வேண்டும். முல்லைத்தீவில் இருந்து பரந்தனுக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். பத்துக்கு சவுண்டை நிறுத்திப் பத்துக்கு வீடு! நீர் ஹெலியில் போகிறீரோ?

புது அப்பா: கழற்றப் பெடியள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் தானே சுமப்பது உங்கள் காலத்துத் தொழில்.

மாங்குளத்து அக்கா: பத்தை விடுங்கோ. பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் பிள்ளை அழுதால் யார் தூக்குவது? அரச ஊழியருக்காவது மூன்று நாள் தந்தையர் விடுமுறை உண்டு. சொந்தத் தொழில்காரனுக்கு அதுவும் இல்லை. கடைசியில் எல்லாம் மாமியின் தலையில்தான்.

பழைய பந்தல்காரன்: அக்கா, கதையை மாற்றாதீங்கோ. பத்து மணி என்று எழுதினாரா இல்லையா?

குளத்தடி: கதிரை எண்ணுவது பற்றி நீங்களா பேசுவது? போன ஆவணியில் எங்கள் சாமத்திய வீட்டுக்கு நூறு கதிரைக்குக் காசு வாங்கி எண்பத்தாறு இறக்கியது யார்?

பழைய பந்தல்காரன்: தொண்ணூற்றிரண்டு! மிச்சம் எட்டும் உங்கள் அயல் வீட்டு முற்றத்தில் கிடந்தன. நானே போய்த் தூக்கி வந்தேன்.

புது அப்பா: நேற்று ஒன்பது ஐம்பதுக்கு வீட்டில் நின்றேன். வேண்டுமென்றால் மனைவியைக் கேளுங்கள்.

பழைய பந்தல்காரன்: நேற்று உமக்குப் பிறந்தநாள் வேலை. பத்துப் பலூன், ஒரு கேக் மேசை. அதற்குப் பெயர் ஈவன்ட்ஸாம். ஆவணி முகூர்த்தத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வரட்டும், அப்போது சொல்லும் பத்து மணி.

புது அப்பா: ஆவணிக்கு மூன்று அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அதில் ஒன்று உங்கள் பழைய வாடிக்கை. எரிச்சல் அங்கேதான்.

பழைய பந்தல்காரன்: காசைக் குறைத்துப் பிடித்த வேலையைப் பெருமையாகச் சொல்கிறார்! போகட்டும். பத்து மணி?

மாங்குளத்து அக்கா: இப்போது ஒன்று நாற்பது. தம்பி, பிள்ளை எங்கே?

புது அப்பா: நெஞ்சில் கிடக்கிறாள், அக்கா. இறக்கினால் அழுகிறாள். ஒற்றைக் கையால்தான் எழுதுகிறேன்.

பழைய பந்தல்காரன்: அது நல்லது. ஆனால் இன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்?

குளத்தடி: தொண்ணூற்றிரண்டு இல்லை. எண்பத்தாறு.