மறு: மறு: த்ராட்டிலுக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடி ஆசிரியர், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் வகுப்பு எடுக்கிறேன். பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் இழுவை குறைந்தால் பழுதை எப்படித் தேடுவது என்று பையன்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். முப்பது பக்கம் ஓடிவிட்டது, ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்: ‘முழு த்ராட்டில் கொடுத்தும் வண்டி இழுக்கவில்லை என்றால்…’ பெடலை மிதித்து எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற அந்த த்ராட்டிலுக்கு என்ன போடலாம்?

இன்னொரு சங்கடமும் உண்டு. பட்டறையில் இந்தக் கோளாறுக்குப் பெயர் ‘பிக்கப்பில் பிக்கப் இல்லை’. முதலாவது வண்டி, இரண்டாவது அது வேகமெடுப்பது. அச்சில் வந்தால் சிரிப்பார்கள்.

தேவகோட்டைப் பெரியவர், திங்கள் இரவு

இதற்கு வெள்ளிக்கிழமை வரை எதற்குத் தம்பி? சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தொண்டை. குரல்வளையை நெரிப்பதற்கும் அவர்களிடம் அதே சொல்தான். நமக்குத் தொண்டை மிடறு. ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என்பது புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை அவனை வாழ்த்தும்போதும் நீலமணி மிடற்று ஒருவன்தான் வருகிறான். பாட்டு போதாது, இலக்கணம் வேண்டும் என்பவர்கள் தொல்காப்பியப் பிறப்பியலைப் புரட்டலாம்: ‘உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ’. வளி கிளம்புகிறது, மிடற்றில் நிற்கிறது, அப்புறம்தான் எழுத்தாகிறது. எஞ்சினும் அப்படித்தானே? ‘ஒரு மிடறு தண்ணீர்’ என்னும்போது மிடறு அளவையும் குறிக்கிறது. வழியும் அளவும் ஒரே சொல்லில் வந்துவிட்டன.

வளிமிடறு. போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் காலை

த்ராட்டில் என்றே போடுங்கள் சார். பையன் நாளைக்குக் கடையில் போய் ‘வளிமிடறு கேபிள் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் மருந்துக்கடைக்கு வழி காட்டுவார். நீங்கள் காட்டிய அதே தொல்காப்பியம்தான் வடசொல்லை ‘வடவெழுத்து ஒரீஇ’ எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. வடக்கிலிருந்து வந்தால் ஆகும், மேற்கிலிருந்து வந்தால் ஆகாதா?

தேவகோட்டைப் பெரியவர், செவ்வாய் காலை

> த்ராட்டில் என்றே போடுங்கள் சார்

‘த்ரா’ என்று மெய்யில் தொடங்குகிறீர்கள். மொழிமுதலில் தனிமெய் வராது. ஒரீஇ என்றால் ஒதுக்கிவிட்டு என்று பொருள். முதலில் அதை ஒதுக்குங்கள், பிறகு தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்கலாம்.

குன்றக்குடி பட்டறை, செவ்வாய் மதியம்

ஐயா பெரியவர், கோபிக்கக் கூடாது. தமிழில் நான் உங்கள் முன்னால் நிற்க முடியாது, ஆனால் டீசல் எஞ்சினில் அந்த மிடறே கிடையாது. பெட்ரோல் வண்டியில் காற்று போகிற வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கும். பெடலை மிதித்தால் தகடு திறந்து காற்று கூடும், காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் சேரும். அங்கே தொண்டையை நெரிப்பது என்றால் சரி. பழைய டீசலில் காற்று தன் பாட்டுக்கு முழுசாக உள்ளே போய்க்கொண்டிருக்கும், யாரும் தடுப்பதில்லை. பெடல் போய்ச் சேருவது டீசல் பம்ப்பின் லீவருக்கு. எவ்வளவு டீசல் விடுவது என்று உள்ளே கவர்னர் பார்த்துக்கொள்ளும். கூட்டிக் குறைப்பது டீசலைத்தான்.

பெயரில் வளி என்று இருந்தால் பையன் நேராக ஏர் ஃபில்டரைத்தான் கழற்றுவான். புகையைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்கவில்லையா, டீசல் வருகிறது, காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். புகையே இல்லாமல் மந்தமாக இருக்கிறதா, டீசலே வரவில்லை: ஃபில்டர், அதில் நிற்கிற தண்ணீர், பைப் வழியாக ஏர் எடுப்பது, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. மூடியைத் தளர்த்தியதும் வண்டி உயிர் பெற்றால் அந்தத் துளைதான். இரண்டும் வேறு வேறு வழி, பெயர் ஒரு வழியை அடைத்துவிடக் கூடாது.

கோட்டையூர், செவ்வாய் மாலை

ஒரு சிறு திருத்தம். டீசலில் காற்றுவழித் தகடே கிடையாது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. காற்று வாயின் உறிஞ்சலால் இயங்குகிற நியூமேட்டிக் கவர்னர் வைத்த பழைய சின்ன எஞ்சின்களில் காற்று வாயில் தகடு உண்டு, பெடல் அதைத்தான் அசைக்கும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற இன்றைய காமன் ரயில் எஞ்சின்களிலும் வேறு காரணத்துக்காக ஒன்று வைக்கிறார்கள். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்கள் இங்கேயே இருந்திருந்தால் பழைய மோட்டார் கையேடு ஏதாவது எடுத்துப் பார்த்திருக்கலாம். 1994இல் அவற்றுக்குச் சென்னையில் நூலகம் அமைந்தது நல்லதுதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் இரவு

முப்பத்தைந்து வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன். பொருள் இன்னதென்று பட்டறைக்காரத் தம்பி சொன்ன பிறகும் தொண்டையையே பிடித்துக்கொண்டிருப்பானேன்? அது வெள்ளைக்காரனின் உவமை. பெட்ரோலுக்கு வைத்த பெயரை டீசலுக்கும் அவன் இழுத்துக்கொண்டான். நாமும் ஏன் கூடவே இழுபட வேண்டும்?

கண்மாய்க் கரையில் குமிழித்தூம்பு பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு கல், கீழே துளை, துளைக்கு அடைப்பு. மேலே நிற்கிறவர் தண்டைத் தூக்குகிற அளவுக்குத் தண்ணீர் வயலுக்குப் போகும். கண்மாய் பாட்டுக்கு நிறைந்து கிடக்கும், விடுவதில்தான் சூட்சுமம். பெடலை மிதிக்கிற அளவுக்கு டீசல் விடுவதும் அதுதானே? மடை என்று வையுங்கள். முழு மடை, அரை மடை, மடை திறக்கவில்லை. சிவகங்கைச் சீமையில் எந்தப் பிள்ளைக்கும் அகராதி வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து, புதன் காலை

மடை திறப்பவன் மடையன். வகுப்பில் கலகலப்பாக இருக்கும்.

தேவகோட்டைப் பெரியவர், புதன் காலை

இந்தக் கதையை இணையத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். கண்மாய் மடையைத் திறக்க நீருக்குள் மூழ்கியவர்கள் மடையர்கள், வசை பின்னால் வந்தது என்று. கேட்க உருக்கமாக இருக்கும். மடை என்றால் சோறும் ஆகும், கோயில் மடைப்பள்ளி அதில் வந்தது, மடையன் என்றால் சமையற்காரன். அறிவில்லாதவனுக்கு மடம், மடமை என்று தனி வழி இருக்கிறது. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டக் கூடாது.

பள்ளத்தூர் ஆச்சி, புதன் காலை

அண்ணே, சமையற்காரரை மடையன் என்று இன்று யார் கூப்பிடுகிறார்கள்? எங்கள் ஊர்க் கல்யாணத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், இலையில் ரசம்கூட விழாது.

(இதற்கு மேல் மடைப்பள்ளியில் தொடங்கி மடக்கு, மடங்கல், மடந்தை என்று பதினோரு மடல்கள் போயின. யாரும் யாரையும் விடவில்லை. கையேட்டுக்கு ஆகாதவை என்பதால் வகுப்புக்காக எடுத்த இந்தப் படியில் சேர்க்கவில்லை. – காரைக்குடி ஆசிரியர்)

குன்றக்குடி பட்டறை, வியாழன் காலை

நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வண்டி வந்தது. ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிற பழைய பிக்கப். மலையில் பெருமாள்மலை தாண்டவிடாமல் மக்கர் செய்கிறதாம். புகை இல்லை. வேறொரு பட்டறையில் ஃபில்டர் மாற்றி, பம்ப்பைக் கழற்றி, டீசல் அளவைச் சரிபார்க்கிற காலிபரேஷனுக்கும் அனுப்பி, பெரிய பில்லாகப் போட்டிருக்கிறார்கள். இழுவை வரவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பையனைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொன்னேன். பானட்டுக்குள் தலையை விட்டு லீவரைப் பார்த்தேன். முழு ஸ்டாப் திருகில் போய் முட்ட வேண்டியது, நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. கேபிளில் தொய்வு இல்லை. லீவரைக் கையால் தள்ளினால் ‘டக்’ என்று திருகில் உட்கார்ந்தது. அப்படியானால் கோளாறு பெடல் பக்கம். குனிந்து பார்த்தால் வீட்டு முகப்பில் போடுகிற தேங்காய்நார் மிதியடி ஒன்று மடிந்து பெடலுக்கு அடியில் கிடக்கிறது. ‘கால் சுடுகிறது என்று போட்டேன் அண்ணே’ என்கிறார் ஓட்டுநர். மிதியடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆசிரியர் தம்பி, பையன்களுக்கு முதல் வேலையாக இதைப் போடுங்கள்: மடை முழுசாகத் திறக்கிறதா என்று பார். ஃபில்டரெல்லாம் அப்புறம். ஆச்சி சொன்ன சொல் என் வாயில் தானாக வந்துவிட்டது, நான் அதற்கே கை தூக்குகிறேன்.

காரைக்குடி ஆசிரியர், வியாழன் மாலை

‘எண்ணெய்மடை’ என்று போட்டுப் பார்த்தேன். வகுப்பில் ஒருவன் உடனே எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் தொட்டுக் காட்டினான். ஆகவே ‘டீசல்மடை’. பெடலுக்கு முடுக்கி, இயற்பியலில் முடுக்கம் படித்தவர்கள்தானே. பிக்கப்பில் பிக்கப் என்பதை ‘வண்டியில் இழுவை இல்லை’ என்று மாற்றிவிட்டேன். டீசலையும் தமிழாக்கச் சொல்லி ஒருவர் தனிமடல் போட்டிருக்கிறார். ரூடால்ஃப் டீசல் என்கிற மனிதரின் பெயர் அது, விட்டுவிடுகிறேன்.

கை தூக்கியவர்கள் மடைக்கு நான்கு, த்ராட்டிலுக்கு மூன்று, மிடற்றுக்கு ஒன்று.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் இரவு

1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானவர்கள் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் வைத்த காலத்திலிருந்து இதே கணக்குதான் வந்துகொண்டிருக்கும். நடத்துங்கள். மூன்றில் ஒன்று நான்.

தேவகோட்டைப் பெரியவர், வியாழன் இரவு

> ஆகவே ‘டீசல்மடை’

சொல்லை ஏற்கவில்லை, அது வேறு விஷயம். ஏற்பவர்களாவது புணர்ச்சி பார்க்க வேண்டாமா? லகர ஈற்றின் முன் மகரம் வந்தால் ‘மெலி மேவின் னணவும்’ என்கிறார் நன்னூலார். கல் + மலை கன்மலை. டீசல் + மடை டீசன்மடை.

பள்ளத்தூர் ஆச்சி, வியாழன் இரவு

டீசன்டான மடை என்று படிப்பார்கள் அண்ணே. நன்னூலார் காலத்தில் பங்க் கிடையாது.

காரைக்குடி ஆசிரியர், வெள்ளி காலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் டீசல்மடை, அடைப்புக்குறிக்குள் த்ராட்டில். அனைவருக்கும் நன்றி. இரண்டாம் பெஞ்சுப் பையன் படித்துவிட்டுக் கேட்டான்: ‘மடைன்னா ரேஸ் குடுக்கிறதுதானே சார்?’

தேவகோட்டைப் பெரியவர், வெள்ளி காலை

மறுபதிப்பு எப்போது?